வருமானம் கூடியும் கை ஏன் இறுக்கமாகவே இருக்கிறது?

"வசதியாக வாழ மாதம் எவ்வளவு வேண்டும்? என்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் நண்பர் நன்றாக இருக்கிறேன் என்கிறார், எனக்கோ மாதக் கடைசியில் இழுபறிதான்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தத் தொகை சொல்பவரின் வருமானத்தை ஒட்டியே வரும். உங்கள் தேவைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1970களில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் வான் பிராக் என்ற பொருளியல் அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் குடும்பங்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். உங்கள் சூழ்நிலையில் எவ்வளவு வருமானம் வந்தால் மிக மோசம் என்பீர்கள், எவ்வளவு வந்தால் போதாது, எவ்வளவு வந்தால் போதும், எவ்வளவு வந்தால் மிக நன்று? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகையை எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதுபவரின் சொந்த வருமானம் கூடக் கூட, அவர் 'போதும்' என்பதற்கு எதிரே எழுதிய தொகையும் கூடிக்கொண்டே போனது. வருமானம் உயர்ந்தால் கிடைக்கும் என்று எதிர்பார்த்த நிறைவில் ஏறத்தாழ 60 சதவீதத்தை இந்த நகர்வே தின்றுவிடுகிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. மீதி 40 கையில் நிற்கிறது. பணம் வந்தால் எதுவும் மாறாது என்று தத்துவம் பேசுகிறவர்கள் இந்த 40ஐ மறந்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் சம்பாதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓடுகிறவர்கள் அந்த 60ஐ மறந்துவிடுகிறார்கள்.

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். சாப்பாடு, கூரை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு என்ற அளவுக்கே வருமானம் எட்டாதவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்களிடம் போய் மனசு வைத்தால் எதுவும் போதும் என்று சொல்வது அநியாயம். 2013ல் வெளியான ஓர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன் ஒரு முறையும், அறுவடைப் பணம் கைக்கு வந்த பின் ஒரு முறையும் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். பணம் வருவதற்கு முந்தைய நெருக்கடி நேரத்தில் அதே ஆட்களின் மதிப்பெண் குறைவாக இருந்தது. ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. கவலை கவனத்தைப் பிடுங்கிக்கொண்டது. அந்த நிலையில் இருப்பவருக்கு வேண்டியது பணம்தான், அறிவுரை இல்லை. உங்கள் நிலை அதுவல்ல என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தெரிகிறது. அடிப்படைக்கு வழி இருக்கிறது, இருந்தும் மூச்சு முட்டுகிறது. அதற்குத்தான் இந்தப் பதில்.

உங்களையும் நண்பரையும் போல இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி, வெறும் எண்களாகவே வைத்துக்கொள்ளலாம்.

முதல் வீட்டின் மாத வருமானம் 100. வீட்டுக் கடன் தவணை 34. வாகனத் தவணை 11. பிள்ளைகள் படிப்புக்கு 16. காப்பீட்டுப் பிரீமியம் 5. வீட்டு வேலைக்கு ஆள், குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணம், உடற்பயிற்சிக் கூடம், இணையச் சந்தாக்கள் எல்லாம் சேர்த்து 9. ஆக, மாதம் பிறக்கும் முன்பே 75 போய்விட்டது. சாப்பாடு, போக்குவரத்து, மின்சாரம், துணிமணி என்று அன்றாடச் செலவு 20. கையில் நிற்பது 5. அதுவும் ஒரு பல் வைத்தியம் வந்தால் காணாமல் போய்விடும்.

இரண்டாவது வீட்டின் வருமானம் 60. வாடகை 15, படிப்பு 6, காப்பீடு 3, மற்ற கட்டணங்கள் 2. மொத்தம் 26. அன்றாடச் செலவு 17. மிச்சம் 17.

இப்போது அன்றாடச் செலவை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 20க்கும் 17க்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டு வீட்டுச் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் 75க்கும் 26க்கும் நடுவில் கிடக்கிறது. வெளியில் சாப்பிடுவதைக் குறை, துணி வாங்குவதைக் குறை என்று சொல்லும் சிக்கன ஆலோசனைகள் எல்லாம் அந்த 20க்குள்தான் போய்க் குடைகின்றன. அங்கே ஒன்று ஒன்றரையைப் பிடுங்கலாம். 75ல் கை வைக்காமல் முதல் வீட்டுக்கு மூச்சு வராது. அங்கே கை வைப்பதும் லேசான காரியமில்லை. ஒரு நாள் போட்ட கையெழுத்துக்கு இருபது வருடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வையுங்கள். போனஸ் இல்லை, கூடுதல் நேர வேலை இல்லை, அவ்வளவுதான், வேலை போகவில்லை. முதல் வீட்டுக்கு 90 வருகிறது, செலவு 95, மாதா மாதம் 5 துண்டு விழுகிறது. இரண்டாவது வீட்டுக்கு 54 வருகிறது, செலவு 43, இன்னும் 11 மிச்சம். வேலையே போய்விட்டால்? இருவரிடமும் ஒரே அளவாக 130 கையிருப்பு இருக்கிறது என்றால், முதல் வீடு ஒன்றேகால் மாதத்தைச் சற்றுத் தாண்டும், இரண்டாவது வீடு மூன்று மாதம் நிற்கும். உங்கள் நண்பர் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போது அவர் பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தைத்தான் சொல்கிறார், அவருக்கே அது தெரியாமல் இருந்தாலும். மேலதிகாரி முகம் சுளித்தால் அவருக்கு வயிறு கலங்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவருக்கு எப்போது போவது என்று தேதி பார்க்க மாட்டார். எவ்வளவு வருகிறது என்பதைவிட, வருவதற்கு முன்பே எவ்வளவு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த 75 ஒரே நாளில் வந்து உட்காரவில்லை. சம்பளம் உயர்கிறது. கடன் தருபவர் புதிய சம்பளத்தைப் பார்த்து, உங்களுக்கு இவ்வளவு தகுதி இருக்கிறது என்கிறார். அந்தத் தொகை அப்படியே நம் பட்ஜெட் ஆகிவிடுகிறது. இங்கே எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடன் தருபவர் அளப்பது நீங்கள் தவணையைக் கட்டிவிடுவீர்களா என்பதை. கட்டிய பிறகு நிம்மதியாகத் தூங்குவீர்களா என்பது அவருடைய கவலை இல்லை, அவர் அதைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு பெரிய வீடு வருகிறது. பெரிய வீடு பெரும்பாலும் தூரத்தில் இருக்கும், அதனால் இரண்டாவது வாகனம். அறைகள் கூடியதால் அவற்றில் போட மேசை நாற்காலி, துடைக்க ஆள். வாங்குவதற்கு முன் விலையை நான்கு இடத்தில் விசாரிக்கிறோம். வாங்கிய பொருள் மாதா மாதம் கேட்கப்போகும் காசை ஒருவரும் விசாரிப்பதில்லை. இதில் எந்த முடிவும் தனியாகப் பார்த்தால் முட்டாள்தனம் கிடையாது. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே பட்டிருக்கும்.

வருமானம் கூடும்போது பணம் எங்கே போகிறது என்பதை 1857லேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் கவனித்திருக்கிறார். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கைப் பார்த்து, வீடு எவ்வளவு ஏழையோ அவ்வளவு பெரிய பங்கு சாப்பாட்டுக்குப் போகிறது என்று சொன்னார். வருமானம் கூடினால் அந்தப் பங்கு சுருங்கும். ஆனால் சாப்பாட்டிலிருந்து விடுபடும் பணம் நம் கையில் தங்கிவிடுவதில்லை. சாப்பாடு நாளுக்கு நாள் முடிவு செய்யும் செலவு, நெருக்கடி என்றால் இன்றே சுருக்கலாம். அது காலி செய்த இடத்தில் வந்து உட்காருபவை தவணை, கட்டணம், சந்தா என்று முன்கூட்டியே கட்டிப்போடும் செலவுகள். அதனால்தான் சம்பளம் கூடக் கூடக் கட்டுப்பாடும் கூடுவது போல் படுகிறது. அது வெறும் மனப்பிரமை இல்லை.

அக்கம்பக்கத்தின் வேலையும் இதில் நிறைய உண்டு. நெதர்லாந்தில் ஒரு லாட்டரி இருக்கிறது. அதில் குலுக்கப்படுவது சீட்டு எண் அல்ல, அஞ்சல் குறியீடு. ஒரு தெருவின் குறியீடு விழுந்தால் அந்தத் தெருவில் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் பரிசு, அவர்களில் ஒருவருக்கு ஒரு பிஎம்டபிள்யூ காரும் உண்டு. சீட்டு வாங்காதவர் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பீட்டர் கூனும் மற்ற ஆய்வாளர்களும் இந்தத் தெருக்களை ஆராய்ந்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். பரிசு வென்றவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த, ஒரு காசும் கிடைக்காத குடும்பங்களும் கார் வாங்குவது கூடியிருந்தது. அவர்கள் வருமானம் மாறவில்லை, தேவை மாறவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு புதுக் கார் நின்றது, அவ்வளவுதான். அமெரிக்காவில் எர்சோ லுட்மர் 2005ல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. சுற்றி இருப்பவர்கள் அதிகம் சம்பாதிக்கும் இடத்தில் குடியிருப்பவர்கள், தங்கள் சொந்த வருமானம் அதேதான் என்றாலும், மகிழ்ச்சி குறைவு என்றே சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தாரோடு நெருங்கிப் பழகுபவர்களிடம் இந்த விளைவு இன்னும் கூடுதல். வீடு மாறும்போது வாடகையைத்தான் ஒப்பிடுகிறோம். யாரோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்ளப் போகிறோம் என்பதும் அந்த வாடகைக்குள் அடக்கம்.

இதையெல்லாம் பொறாமை, படாடோபம் என்று தள்ளிவிட முடியாது. 1776லேயே பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் சட்டை இல்லாமலே சுகமாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித்தொழிலாளிகூட அந்தச் சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூசுவார், ஆகவே அது தேவையே என்றார். இன்றைக்கு அந்த இடத்தில் ஸ்மார்ட்ஃபோனை வைக்கலாம். வங்கி, பள்ளிக்கூடம், வேலைக்கான அழைப்பு எல்லாம் அதன் வழியாக வரும் இடத்தில் அது ஆடம்பரம் ஆகாது. கூனிக் குறுகாமல் நாலு பேர் நடுவே நிற்க வேண்டிய அளவுக்குச் செலவு செய்வது நியாயம். அதற்கு மேல் ஓடும் ஓட்டம்தான் விவகாரம், ஏனென்றால் எல்லோரும் சேர்ந்து ஓடினால் யாரும் முந்துவதில்லை, தவணை மட்டும் எல்லோருக்கும் ஏறுகிறது.

எதில் இந்த ஓட்டம் இருக்கிறது, எதில் இல்லை என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 1998ல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டது. நீங்கள் ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பாதித்து மற்றவர்கள் 25,000 சம்பாதிக்கும் உலகம் வேண்டுமா, நீங்கள் 1,00,000 சம்பாதித்து மற்றவர்கள் 2,00,000 சம்பாதிக்கும் உலகம் வேண்டுமா? விலைவாசி இரண்டிலும் ஒன்றுதான். கிட்டத்தட்டப் பாதிப் பேர் முதல் உலகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதி வருமானம் போனாலும் பரவாயில்லை, அடுத்தவரைவிட மேலே இருந்தால் போதும் என்றார்கள். அதே ஆட்களிடம் விடுமுறையைப் பற்றிக் கேட்டபோது கதை மாறிவிட்டது. உங்களுக்கு 2 வாரம் மற்றவர்களுக்கு 1 வாரமா, உங்களுக்கு 4 வாரம் மற்றவர்களுக்கு 8 வாரமா என்றால், சிலரே குறைந்த விடுமுறையைக் கேட்டார்கள். ஓய்வு நேரத்தைப் பெரும்பாலானவர்கள் பக்கத்து வீட்டோடு வைத்து அளப்பதில்லை.

பழகிப்போவதிலும் இதே போன்ற பிரிவு இருக்கிறது. புதிய காரின் மினுமினுப்பும் பெரிய தொலைக்காட்சியும் சில மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தினசரி அலைச்சல் அப்படிப் பழகாது. அலோயிஸ் ஸ்டட்சரும் புருனோ ஃப்ரேயும் ஜெர்மனியில் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தரவுகளைப் பார்த்தார்கள். வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக் கூட வாழ்க்கை நிறைவு குறைந்தது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுசெய்யவில்லை. பெரிய வீட்டுக்காகத் தூரத்தை ஏற்றுக்கொள்பவர் சீக்கிரம் பழகிப்போகும் ஒன்றை வாங்கிக்கொண்டு, பழகவே பழகாத ஒன்றை விலையாகக் கொடுக்கிறார். இந்த வியாபாரம் எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை. அறை ஒன்று குறைந்தாலும் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்வேன்.

'மகிழ்ச்சிக்கு ஆண்டுக்கு 75,000 டாலர் போதும்' என்ற ஒரு வரி எங்கும் சுற்றுகிறது, அதையும் முடித்துவிடுகிறேன். 2010ல் டேனியல் கானமனும் அங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களின் கருத்துக்கணிப்புப் பதில்களிலிருந்து கண்டது அது. அன்றாட மனநிலை அந்த வருமானத்துக்கு மேல் ஏறவில்லை என்றார்கள். தன் வாழ்க்கைக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் அது ஏறிக்கொண்டேதான் இருந்தது என்பதும் அதே கட்டுரையில் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2021ல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் கைபேசி வழியாக நாளின் பல நேரங்களில் மனநிலையைக் கேட்டுப் பதிவு செய்தார். அவருக்கு அந்த மேல்வரம்பு தட்டுப்படவில்லை. பிறகு 2023ல் கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும், பார்பரா மெல்லர்ஸ் நடுவராக இருக்க, தரவுகளை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு மனநிலை வருமானத்தோடு உயர்ந்துகொண்டே போகிறது, ஏற்கெனவே மிகவும் துன்பத்தில் இருக்கும் சிறு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை என்பது முடிவு. ஆனால் இந்த உயர்வு தொகையைப் பொறுத்தது இல்லை, விகிதத்தைப் பொறுத்தது. 10 வாங்குபவர் 20க்குப் போவதும் 100 வாங்குபவர் 200க்குப் போவதும் ஏறக்குறைய ஒரே அளவு படி. மேலே போகப் போக அடுத்த படிக்குத் தர வேண்டிய உழைப்பு பல மடங்காகிறது.

உங்கள் நண்பர் கதைக்கு வருகிறேன். அவரோடு உங்களை ஒப்பிடும் முன் சம்பளச் சீட்டில் தெரியாத சிலவற்றைப் பார்க்க வேண்டும். அவர் இருப்பது பெற்றோர் கட்டிய வீடாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் வீட்டுக் கடன் தவணை 34 அவருக்கு 0. அவர் வீட்டில் எத்தனை பேர்? ஓஈசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பு) பயன்படுத்தும் ஒரு கணக்கு முறைப்படி குடும்பத்தின் தேவை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு கூடும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒற்றை ஆளைப் போல இரண்டு மடங்கு வேண்டும், நான்கு மடங்கு வேண்டாம். இரண்டு பேர் சம்பாதிக்கிறார்களா, நோய்வாய்ப்பட்டவர் யாராவது இருக்கிறார்களா, மருத்துவமும் படிப்பும் அரசுச் செலவிலா சொந்தச் செலவிலா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வருமானமான 60க்கு என்ன மதிப்பு என்று தெரியும். வருமானம் நிலையானதா என்பதும் முக்கியம். வருடத்துக்கு ஒரே தொகைதான் என்றாலும், மாதம் தவறாமல் வருவது வேறு, ஒரு மாதம் கொட்டி அடுத்த மாதம் காய்வது வேறு. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் தவணையைச் சராசரி மாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, மிக மோசமான மாதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளலாம், ஒரு சாயங்கால வேலைதான். கடந்த ஆண்டின் வங்கிக் கணக்கை எடுங்கள். ஒரு மாதக் கணக்கு போதாது, பிரீமியமும் படிப்புக் கட்டணமும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வரும், பட்ஜெட்டைக் கவிழ்ப்பதும் அவைதான். ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்ட செலவை ஒரு பக்கமும், நாளைக்கே நினைத்தால் நிறுத்தக்கூடியதை இன்னொரு பக்கமும் போட்டு, பன்னிரண்டால் வகுங்கள். முதல் பக்கம் வருமானத்தில் பாதியைத் தாண்டினால் இறுக்கம் தொடங்கும் என்பது நான் பார்த்த வீடுகளின் கணக்கிலிருந்து சொல்வது, சட்டம் ஒன்றுமில்லை. கையிருப்பைத் தனியாக மாதச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் நிற்கலாம் என்று வரும். என்னைக் கேட்டால் சம்பளத்தைவிட அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

முதல் பக்கத்தை உடனே குறைக்க வழியில்லை என்றால் குறைந்தது வளரவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த சம்பள உயர்வு வந்ததும் புதுத் தவணை எதிலும் கையெழுத்துப் போடாமல் ஆறு மாதம் தள்ளுங்கள். அதற்குள் அந்த உயர்வு ஏற்கெனவே உள்ள கடனில் ஒன்றை அடைக்கப் போகட்டும், வட்டி அதிகமுள்ள கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். பணத்தைச் செலவழித்தே தீர வேண்டும் என்று கை அரித்தால், பொருளுக்குப் பதில் நேரத்துக்குக் கொடுங்கள். ஆஷ்லி விலன்ஸும் மற்றவர்களும் 2017ல் செய்த ஒரு சோதனையில் ஆட்களுக்கு ஒரு வார இறுதியில் 40 டாலர் கொடுத்துப் பொருள் வாங்கச் சொன்னார்கள், இன்னொரு வார இறுதியில் அதே தொகையைக் கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தும் ஏதாவதற்குச் செலவழிக்கச் சொன்னார்கள். நேரத்துக்குக் கொடுத்த நாளில்தான் மனநிலை நன்றாக இருந்தது.

இந்தக் கணக்கைத் தனியாகப் போடாதீர்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தாளில், மற்றவரைப் பார்க்காமல், எதை விட முடியாது, எதை விட்டாலும் பரவாயில்லை என்று முதலில் எழுதட்டும். வளர்ந்த வீடு வேறு, பழகிய ஆட்கள் வேறு, அதனால் இரண்டு தாளும் ஒன்றாக இருக்காது. ஒருவருக்குத் தனி அறை முக்கியமாக இருக்கும், இன்னொருவருக்கு வங்கியில் ஆறு மாதக் கையிருப்பு. இரண்டு தாளிலும் 'விட்டாலும் பரவாயில்லை' என்ற பக்கத்தில் வந்திருக்கும் செலவு எது என்று பாருங்கள், குறைப்பதை அதிலிருந்து தொடங்குங்கள்.